மேல் மூன்று வரி

கல்லில் ஒருவருடைய பெயர் இருந்தால் அவர் அந்தக் கல்லுக்குப் பணம் கொடுத்தவர் என்றுதான் சிறு வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைத்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அப்பாவுக்குத் தொழில் கல்லில் எழுத்து வெட்டுவது. கோயில் படிக்கட்டு, மண்டபத் தூண், மாடு தண்ணீர் குடிக்கிற தொட்டி என்று எது வந்தாலும் உபயம் என்று மேலே போட்டு, கீழே ஒரு பெயரையும் ஊரையும் வெட்டிக் கொடுப்பார். காஞ்சிபுரத்தில் கோயிலுக்கா பஞ்சம். எந்தக் கோயிலுக்கு அழைத்துப் போனாலும் நான் சாமியைப் பார்க்கும் முன்னால் தரையைத்தான் பார்ப்பேன். இது எங்கப்பா வெட்டினது என்று வாய் விட்டுச் சொல்ல வெட்கம். மனசுக்குள் சொல்லிக்கொண்டு தாண்டிப் போவேன்.

சுமைதாங்கிக் கல்லும் அப்பா வெட்டுவார். இப்போதைய பிள்ளைகளில் பல பேர் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். ரோட்டோரத்தில் ஆள் தோள் உயரத்துக்கு இரண்டு கல் நட்டு, அதன் மேல் குறுக்காக ஒரு நீளக் கல்லை வைத்திருப்பார்கள். தலையில் விறகோ புல்லுக்கட்டோ சுமந்து வருகிறவர்கள் யாருடைய கையும் கேட்காமல் பாரத்தை அதன்மேல் தள்ளிவிட்டு, கொஞ்சம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி தலையைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போவார்கள். அந்தக் குறுக்குக் கல்லில் எப்போதும் ஒரு பெண்ணின் பெயர்தான் இருக்கும். முதல் வரியில் ஊர். இரண்டாவது வரியில் புருஷன் பெயர். மூன்றாவது வரியில் மனைவி என்ற ஒரு சொல். அதற்கும் கீழே அவள் பெயர். வயிற்றில் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணுக்காக வைக்கிற கல் அது. சுமையை இறக்காமலே போய்விட்டவள். வழியில் போகிறவர்கள் அந்தக் கல்லில் தங்கள் பாரத்தை இறக்க இறக்க அவளுடைய பாரமும் குறையும் என்பார்கள். புருஷன் வீட்டார்தான் வைக்க வேண்டும். தங்கள் ஊர் வழியில் வைக்க வேண்டும்.

இதையெல்லாம் அந்தக் காலத்தில் பெண் குழந்தைகளுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். கோயிலில் எழுதியிருப்பது மாதிரி இதுவும் உபயம் என்றே எண்ணியிருந்தேன். பெரிய மனசுக்காரப் பெண்கள், வழிப்போக்கர் கஷ்டம் தெரிந்தவர்கள் என்று அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. பெரியவளானால் என் பெயரையும் அப்படி ஒரு கல்லில் வெட்டச் சொல்ல வேண்டும் என்று ஆசை. அதை அக்காவிடம் சொன்னேன்.

அக்கா என்னைவிட ரொம்பப் பெரியவள். ஏனாத்தூரைத் தாண்டி உள்ளே போகிற ஒரு ஊரில், கொஞ்சம் நிலம் உள்ள வீட்டில் கட்டிக் கொடுத்திருந்தோம். அப்போது தீபாவளிக்கு வந்திருந்தாள். வயிறு லேசாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. நான் ஆசையைச் சொன்னதும் சட்டென்று என் வாயைக் கையால் பொத்தினாள். அடுப்பங்கரைப் பக்கம் பார்த்தாள். அம்மாவுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்த பிறகு கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

"உம் பேரை அம்மிக்கல்லுல வெட்டச் சொல்றேன். தெனம் மொளகா தின்னுக்கினு கெட."

அதற்குப் பிறகும் அவள் இரண்டு நாள் இருந்தாள், என்னென்னவோ பேசியிருப்பாள். என்னிடம் மிச்சம் இருப்பது அந்த அம்மிக்கல் பேச்சு ஒன்றுதான்.

அரிசிக்கு எல்லோரும் அலைந்த வருஷம் அது. வீட்டில் நெல் இருந்தவர்கள் ஒரு கையையும் வேலையிலிருந்து விடவில்லை. வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்கு அழைத்துவர அம்மா போனபோது, அறுப்பு முடியட்டும் என்று சம்பந்தி வீட்டில் சொல்லி அனுப்பினார்கள். மறுபடி போனாள், இன்னும் இரண்டு கழனி பாக்கி என்றார்கள். அக்காவும் பக்கத்தில் நின்று, நீ போம்மா, நான் வரேன் என்றாளாம். மூன்றாம் தடவை அம்மா போனது அழைத்து வர அல்ல. அன்றைக்கு என்னை எதிர்வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். தறிக்குழிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து எதிர்வீட்டு அத்தை எனக்குப் பொரி கொடுத்தாள். அக்காவும் வயிற்றுப் பிள்ளையும் சேர்ந்தே போய்விட்டார்கள் என்று அந்த வீட்டில்தான் பேசிக்கொண்டார்கள். பிள்ளை எங்கே இருந்தது, எப்படிப் போனது என்று எனக்குப் புரியவில்லை. பொரியைத் தின்றேன்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு அப்பா ஒருநாள் மாட்டுவண்டியில் ஒரு குறுக்குக் கல்லும் நிறுத்துகிற கல் இரண்டும் ஏற்றிக்கொண்டு வந்தார். யாரும் கேட்டு வந்த வேலை இல்லை. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு தெருக்கடைசி. பக்கவாட்டில் கொஞ்சம் காலி மனை உண்டு. அங்கேதான் கல்லை இறக்கினார். நூல் பிடித்துக் கோடு போட்டார். காவியைக் குழைத்து நான்கு வரியும் எழுதினார். ஊர், மாப்பிள்ளை பெயர், மனைவி, அக்கா பெயர். பிறகு உளியை எடுத்தார்.

எப்போதும் மேல் வரியிலிருந்துதான் வெட்டிக்கொண்டு வருவார். இந்தக் கல்லில் மட்டும் கடைசி வரியில் ஆரம்பித்தார். அதுவும் விடிந்தும் விடியாததுமாக.

எங்கள் தெருவில் எங்களைத் தவிர எல்லோரும் தறிக்காரர்கள். காலையில் தெரு நீளத்துக்குப் பட்டு நூலைப் பாவாக விரித்துக் கஞ்சி போட்டுக்கொண்டிருப்பார்கள். ஈரப் பட்டில் கல் தூசு ஒட்டினால் போயிற்று. அதனால் பாவைச் சுருட்டி எடுக்கும்வரை அப்பா உளியைத் தொட்டதே கிடையாது. அன்றைக்கு உளிச்சத்தம் கேட்டதும் எதிர்வீட்டுக்காரர் கையில் கஞ்சியோடு கோபமாக வந்தார். "இன்னாபா, விடியறதுக்குள்ள" என்று ஆரம்பித்தவர் கல்லைப் பார்த்தார். அப்பா தலை நிமிரவில்லை. வெட்டின இடத்தில் வாயால் ஊதி, தூசு போன பிறகு மறுபடி உளியை வைத்தார். எதிர்வீட்டுக்காரர் திரும்பிப் போய், தன் ஆட்களிடம் என்னவோ சொல்லி, பாவை எங்கள் வீட்டுப் பக்கமிருந்து தள்ளி விரிக்கச் சொன்னார். ஈரப் பாவை அப்படி இழுத்து நகர்த்தக் கூடாது. நகர்த்தினார்கள்.

அக்கா பெயர் ஒரே நாளில் முடிந்துவிட்டது. மேல் மூன்று வரியை அப்பா தொடவில்லை. அது காவியாகவே இருந்தது. சம்பந்தி வீட்டார் வந்து கேட்ட பிறகு வெட்ட வேண்டியது என்று அம்மாவிடம் சொன்னார். நாமே போய் ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று அம்மா கேட்டாள்.

"கேட்டு வாங்கற கல்லா அது? அவங்களா வரணும்."

அவர்கள் வருகிறவரைக்கும் காவி அழியாமல் இருக்க வேண்டுமே. பனி இறங்கும் முன்னால் அம்மா சாக்குப் போட்டு மூடுவாள், வெயில் ஏறினதும் எடுப்பாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வெட்டின வரியில் விரலை வைத்து ஓட்டிப் பார்ப்பாள். காவி வரிகளில் மட்டும் விரல் படாமல் பார்த்துக்கொள்வாள்.

ஒருநாள் சாயங்காலம் சம்பந்தி வந்தார். கூட அவர் ஊர்ப் பெரியவர் ஒருவர். அம்மா பாயை உதறிப் போட்டாள். உட்காரச் சொன்னதும் அவர்கள் உட்காராமல் கல் எங்கே என்று கேட்டார்கள். யாரோ சொல்லியிருக்கிறார்கள். அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது, அவ்வளவு நாளுக்குப் பிறகு. ஓடிப்போய்ச் சாக்கை எடுத்து, வாங்க வந்தவர்களுக்குப் புடவையை விரித்துக் காட்டுகிற மாதிரி அந்தக் கல்லைக் காட்டினாள்.

சம்பந்தி குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"நல்லா வந்துக்கினு இருக்குது சம்பந்தி. உங்க கையாச்சே" என்றார். பிறகு துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்க ஊரு பேரையும் பையன் பேரையும் மட்டும் வெட்டாதீங்க."

வைகாசியில் பையனுக்கு வேறு கல்யாணம் வைத்திருக்கிறார்களாம். பெண்ணும் பக்கத்து ஊர்தானாம். வயசுப் பையன், எத்தனை நாள் தனியாக விடுவது என்று கூட வந்த பெரியவர் சொன்னார். அதெல்லாம் நியாயம்தான் என்று அப்பாவும் தலையாட்டினார். கல் வைப்பதை நாங்கள் தடுக்கவில்லை, உங்கள் இஷ்டம்போல எங்கேயாவது வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் பெயர் இல்லாமல், எங்கள் வழியில் இல்லாமல் என்றார் சம்பந்தி. கோபமாகச் சொல்லவில்லை. பதவிசாகத்தான் சொன்னார்.

"வரப்போற பொண்ணு தெனம் அந்த வழியாத்தான் கழனிக்குக் கஞ்சி எடுத்துக்கினு போவணும். போவ வரப் புருஷன் பேரை அங்க படிச்சிக்கினு போனா அது மனசு இன்னா ஆவும், சொல்லுங்க."

அம்மா சம்பந்தி எதிரில் பேசியே பழக்கமில்லாதவள். கதவுக்குப் பின்னால் பாதி முகம் தெரிய நின்றுகொண்டு, "அதுக்குப் படிக்கத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"அஞ்சாவது படிச்சிருக்குதும்மா" என்றார் அவர், கொஞ்சம் பெருமையாகவே.

"எம் பொண்ணு படிக்கல. அறுப்பு முடியட்டும்னு நீங்க சொன்னதும் சரின்னு நின்னுட்டா."

சம்பந்தி அப்பாவைப் பார்த்தார், அப்பா கல்லைப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். வந்தவர்களுக்குக் குடிக்க என்று நினைத்து, நல்ல சொம்பாகப் பார்த்துக் கொண்டுபோய் சம்பந்தியிடம் நீட்டினேன். அப்பா அதை என் கையிலிருந்து வாங்கித் தோள் துண்டை நனைத்தார். மேல் மூன்று வரியையும் துடைத்தார். ஊர் போயிற்று. மாப்பிள்ளை பெயர் போயிற்று. மனைவியும் போயிற்று. துடைத்த துண்டை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு, தெருமுனைவரை போய் அவர்களை வழியனுப்பிவிட்டு வந்தார். முதுகெல்லாம் காவி வழிந்திருந்தது.

அம்மா அன்றைக்கும் பனிக்கு முன்னால் சாக்கை எடுத்துக்கொண்டு போனாள். மூட வேண்டியது ஒன்றுமில்லை என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது போல, சாக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அப்பா சும்மா விடவில்லை. ஓரிக்கையிலிருந்து பாலாற்றுக்குப் போகிற வழியில் புல்லும் விறகும் சுமந்து வருகிறவர்கள் நிறைய. அங்கே அப்பாவுக்குத் தெரிந்தவர் ஒருவர் இடம் காட்டுகிறேன் என்றார். பள்ளிக்கூடம் இல்லாத நாளாக இருக்க வேண்டும், என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். வண்டிக்காரரும் அப்பாவும் குழி தோண்டினார்கள். நிறுத்துகிற கல் ஒன்றை நட்டுக்கூட ஆயிற்று. அதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். குறுக்குக் கல்லை வண்டியில் இருந்தபடியே ஒரு வாலிபன் படித்தான். படிக்க என்ன இருக்கிறது, ஒரே ஒரு பெயர். அதற்கு மேலே மூன்று வரி இடம் வெறுமையாக.

வாக்கப்பட்ட ஊர் எது, புருஷன் யார் என்று கேட்டார்கள். அப்பா என் பெண் என்றார். அது சரி, புருஷன் யார் என்று மறுபடி கேட்டார்கள். அப்பா கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொன்னால் என்ன, மாப்பிள்ளை பெயர் எனக்கே தெரியுமே என்று எனக்கு வாய் துறுதுறுத்தது. எல்லோரும் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தில் பேசாமல் இருந்தேன். அந்த வாலிபன் பக்கத்தில் இருந்தவன் காதில் எதையோ சொன்னான், இரண்டு பேரும் சிரித்தார்கள்.

வயதானவர் ஒருவர் அவர்களை அதட்டிவிட்டு அப்பாவிடம் வந்தார்.

"கல்லு எதுக்குன்னு எல்லாருக்கும் தெரியும்பா. புருஷன் பேரு இல்லாம இந்தக் கல்லை வெச்சா, படிக்கறவன் வேற மாதிரிதான் நெனப்பான். செத்துப்போன பொண்ணுக்கு நாம ஏன் அந்தப் பேரை வாங்கிக் குடுக்கணும்?"

நட்ட கல்லை மறுபடி ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார்கள். குழியை மூடி மிதித்தார்கள். சிரித்த வாலிபனும் ஒரு கை கொடுத்தான்.

திரும்பி வரும்போது எனக்கு ஒரு நல்ல யோசனை தோன்றியது. மூன்று வரி இடம் சும்மாதானே இருக்கிறது.

"நீ உம் பேரைப் போட்டு, மகள்னு வெட்டிடுப்பா" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டார். நானும் வண்டிக்காரரும் கல்லும் முன்னால் போனோம். அப்பா பின்னாலேயே, சக்கரம் கிளப்புகிற மண்ணில், வீடுவரை நடந்து வந்தார். மாட்டுக்குப் பாரம் குறையட்டும் என்று இறங்கினார் என்றுதான் நான் நினைத்தேன்.

நிறுத்துகிற கல் இரண்டும் வேறு யாருக்கோ போய்விட்டன. குறுக்குக் கல் மட்டும் மனையில் கிடந்தது. அப்பா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து மற்ற வேலைகளைச் செய்தார். அந்தக் கோடையிலேயே ஒருவர் சுமைதாங்கி கேட்டு வந்தார். அழுதுகொண்டே ஊர் பெயரும் தன் பெயரும் சொன்னார். அப்பா மேல் வரியிலிருந்து ஆரம்பித்து நான்கு வரியும் வெட்டிக் கொடுத்தார். மனைவி என்ற சொல்லை வெட்டும்போது அவர் கை நின்றதா என்று கேட்டால், நான் கவனிக்கவில்லை. உளிச்சத்தம் விட்டதாக ஞாபகம் இல்லை.

அம்மா ஒருநாள் எதிர்வீட்டு ஆட்களைக் கூப்பிட்டு அக்கா கல்லைப் புரட்டி, வாசலிலிருந்து உள்ளே வருகிற வழியில் இரண்டு செங்கல்மேல் தூக்கி வைக்கச் சொன்னாள். வைத்ததும் என்னைக் கூப்பிட்டாள்.

"எழுத்து தலகீழா இல்லியே? பாத்து சொல்லு."

இல்லை என்றேன். பெயரை ஒருதரம் படிக்கச் சொன்னாள். படித்தேன்.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு ஒரு பழக்கம் வந்தது. குழாயிலிருந்து குடத்தைக் கொண்டுவந்தால் நேரே அடுப்பங்கரைக்குப் போக மாட்டாள். அந்தக் கல்லில் இறக்கி வைப்பாள், கொஞ்சம் நிற்பாள், எடுத்துக்கொண்டு போவாள். விறகுக்கட்டு, ரேஷன் பை, துவைத்த துணி எல்லாம் அப்படித்தான். தெருவில் கீரைக்காரி போனால் கூப்பிடுவாள். மோர்க்காரி, மண்பானைக்காரி, உப்பு விற்கிறவள், ஒருவரையும் விட மாட்டாள். உள்ளே வரச் சொல்லி, கூடையை அந்தக் கல்மேல் இறக்க வைப்பாள். குடிக்கத் தண்ணீர் கொடுப்பாள். பல நாள் ஒன்றும் வாங்காமலே மறுபடி கை கொடுத்துத் தூக்கிவிடுவாள். எத்தனை பேர் பொறுப்பார்கள்.

"வாங்கறதும் இல்ல, தலையில வெச்சது சும்மா இருக்கவும் வுடறதில்ல. எறக்கு ஏத்து, எறக்கு ஏத்து. இன்னா பொம்பளைமா நீ" என்று கீரைக்காரி தெருவில் நின்று கத்திவிட்டுப் போனாள். எனக்கு மானம் போயிற்று. என்னோடு படிக்கிற பெண்கள் எதிர்வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா போனதிலிருந்து அம்மாவுக்குப் புத்தி சரியில்லை என்று தெருவில் பேச்சு. அப்பா காதிலும் அது விழுந்திருக்கும். அவர் அம்மாவை ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் வேலைக்கு வந்த கல்லைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவர், போட வேண்டிய இடம் பக்கத்திலேயே இருந்தும், அதை அந்தக் கல்மேல் வைத்துவிட்டு, சற்று நேரம் கழித்து எடுத்துக்கொண்டு போனார். அப்பாவுக்கும் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு குடம் எடுப்பது என் வேலை ஆயிற்று. சின்ன பித்தளைக் குடம். முதல் நாள் நான் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு கல்லைத் தாண்டி உள்ளே போகப் பார்த்தேன். அம்மா உள்ளேயிருந்து பார்த்துவிட்டாள்.

"அங்க வை."

தோள் உயரத்தில் இருக்க வேண்டிய கல், செங்கல்மேல் என் முழங்காலுக்கும் கீழே கிடந்தது. குனிந்து வைத்து, குனிந்து எடுக்க வேண்டும். வைக்காமல் போவதுதான் சுலபம். சுமைதாங்கி என்று பெயர், இது சுமையைக் கூட்டத்தான் கூட்டுகிறது என்று எனக்கு எரிச்சல்.

"எனக்குக் கனக்கலம்மா" என்றேன்.

"உனக்குக் கனக்கல, தெரியும். வைடி."

வைத்தேன். வேண்டுமென்றே சத்தம் வரும்படி வைத்தேன். தண்ணீர் தளும்பி, கல்லின் முகத்தில் வழிந்து, அப்பா வெட்டின பெயரில் எழுத்து எழுத்தாக நின்றது. மேலே மூன்று வரி இடத்தில் நிற்க ஒன்றுமில்லாமல் ஓடிவிட்டது. அம்மா வாசற்படியில் நின்று, என்னைப் பார்க்காமல் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போதும் என்று அவள் தலையசைத்த பிறகு தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். எனக்கு இல்லையென்றால் பின்னே யாருக்குத்தான் கனக்கிறது என்று நான் கேட்கவில்லை.